ஒரு நாளைக்கு அரை லிட்டர்

சீக்காளியைப் பார்க்கப் போகிறவன் வெறுங்கையோடு போகக்கூடாது என்று எவன் ஆரம்பித்து வைத்தானோ, அவன் மட்டும் என் கையில் கிடைத்தால் குமரேசன் வீட்டு வாசலில் ஒரு வாரம் உட்கார வைப்பேன். வருகிறவர்கள் கொண்டுவருவதை அவனே எண்ணட்டும். ஆளுக்கு ரெண்டு இளநீர். இளநீர் கிடைக்காதவர்கள் சாத்துக்குடி. அதுவும் கிடைக்காதவர்கள் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் சிவப்பாகவோ பச்சையாகவோ விற்கிற பாட்டில் ஜூஸ். குமரேசனுக்கு ரெண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை. செவ்வாயும் வெள்ளியும் விழுப்புரம் போய் நாலு மணி நேரம் மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வருகிறவன். ஒன்றுக்குப் போவது அநேகமாக நின்றேவிட்டது. உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழி கிடையாது, மிஷின்தான் இழுக்க வேண்டும். அதனால் ஒரு நாளைக்கு அரை லிட்டர், அதற்கு மேல் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இது ஊருக்குத் தெரியாதா? எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் இளநீரோடுதான் வருவார்கள்.

மற்றவர்களைச் சொல்வானேன். இளநீரோடு முதலில் போய் நின்றவனே நான்தான். எனக்கு எதிர் வீடு. ரேஷன் கடையில் முப்பது வருஷம் மண்ணெண்ணெய் அளந்து ஊற்றி ரிடையர் ஆனவன், கொஞ்சம் விவரம் இருந்திருக்க வேண்டும். குமரேசன் பெண்சாதி ஜெயம் என் கையிலிருந்து இளநீரை வாங்கிக்கொண்டு, என்னை மாட்டுக் கொட்டாய்ப் பக்கம் கூட்டிப் போனாள். அவளே சீவினாள்.

"நீங்களே குடிச்சிருங்கண்ணே. இங்கியே குடிங்க. உள்ள எடுத்துக்கினு போயிராதீங்க."

"ஏம்மா, அவன் ஒரு வாய்..."

"ஒரு வாயும் கூடாதுண்ணே. இது உள்ள போச்சின்னா நெஞ்ச நிறுத்திரும்னு டாக்டரு சொல்லிக்கீறாரு."

நான் மாட்டோடு மாடாக நின்று குடித்தேன். வெட்கக்கேடு. அன்றிலிருந்து அந்த வீட்டுக்குக் கையை வீசிக்கொண்டுதான் போகிறேன்.

ஜெயத்திடம் ஒரு கண்ணாடி டம்ளர் இருந்தது. சென்னையில் வேலைக்குப் போகிற மகள் விட்டுவிட்டுப் போன நகப்பாலீஷால் அதன் வெளிப்பக்கம் ஒரு கோடு போட்டிருந்தாள். கோடு வரைக்கும் நூறு மில்லி. விடிந்ததும் மாத்திரைக்கு ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று, மத்தியானச் சோற்றுக்கு ஒன்று, சாயங்காலம் டீயாக ஒன்று, ராத்திரி மாத்திரைக்கு ஒன்று. டீயும் அதில்தான் சேரும். ரசம் ஊற்றினால் அதற்கு ஒரு டம்ளர் குறையும். வைகாசி வெயிலில், ஓடு கொதிக்கும்போது, ஃபிரிட்ஜிலிருந்து ஒரே ஒரு ஐஸ் கட்டி எடுத்து அவன் நாக்கில் வைப்பாள். அதையும் எண்ணிக்கொள்வாள். மற்ற நேரம் வாய் கொப்பளிக்கலாம், துப்பிவிட வேண்டும். துப்புகிறானா என்று பக்கத்தில் நின்று பார்ப்பாள்.

அளந்து ஊற்றுகிறவர்களை ஊர் என்ன பேசும் என்பது எனக்குத் தெரியும். முப்பது வருஷம் வாங்கிக் கட்டிக்கொண்டவன். ஆனால் நான் வாங்கியதெல்லாம் ஜெயம் வாங்கியதில் கால்வாசி வராது. 'கட்டின புருஷனுக்குத் தண்ணி குடுக்காதவ' என்று பேர் வைத்துவிட்டார்கள். குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் பேச்சு நின்றுபோகும். இதில் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருவது குமரேசன் மேல்தான். பார்க்க வருகிறவர்கள், "இன்னா கொமரேசா, வாயெல்லாம் வெடிச்சிக் கெடக்குது, தண்ணி குடிக்கிறதில்லையா?" என்று கேட்பார்கள். அவன் ஒரு சிரிப்பு சிரித்து, "எங்க ஊத்தறா?" என்பான். அவ்வளவுதான். அந்த ரெண்டு வார்த்தை சாயங்காலத்துக்குள் ஓமந்தூர் வரைக்கும் போய்விடும். அவனுக்கு அது தமாஷ். உள்ளே அடுப்படியில் நிற்கிறவளுக்கு?

வியாழக்கிழமை தோறும் இசைவாணி வருவாள். திண்டிவனத்தில் நாலைந்து பெண்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள். எழுந்து நடமாட முடியாதவர்கள், நாள்பட்ட சீக்காளிகள் இருக்கிற வீடுகளுக்குப் போய் உதவி செய்கிற குழு. இசைவாணி பக்கத்து ஊர்க் காலனிப் பெண். ஸ்கூட்டியில் வந்து, செருப்பை வெளியே விட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டுதான் உள்ளே நுழைவாள். ஊசி போட மாட்டாள், மாத்திரை தர மாட்டாள். அதுதான் ஊருக்குப் பெரிய குறை. என் வீட்டுக்கு அடுத்த வீட்டுக் கெங்கம்மாள் என்னிடமே கேட்டாள்: "ஊசியும் போடல, மருந்தும் குடுக்கல, அப்பறம் அது இன்னாத்துக்கு வாராவாரம் வண்டிய எடுத்துக்கினு வருது?"

எதற்கு வருகிறாள் என்றால், குமரேசனுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. அந்த நோயில் அப்படி வருமாம். ராவெல்லாம் சொறிந்து தோல் கிழிந்து கிடக்கும். அவள் அவன் நகத்தை வெட்டிவிடுவாள். வெந்நீரில் துணியை நனைத்து முதுகு, கால் எல்லாம் துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவுவாள். மிஷினுக்காக நரம்பைச் சேர்த்துத் தைத்திருந்த இடது கையை மட்டும் அழுத்தாமல் தூக்கி ஒரு தலையணை மேல் வைப்பாள். எடை பார்க்கிற மிஷின் ஒன்று கொண்டுவந்து வைத்து, தினம் காலையில் அவனை நிறுத்திப் பார்க்கச் சொல்லி ஜெயத்துக்குப் பழக்கியதும் அவள்தான். எல்லாம் முடிந்தபிறகு அடுப்படிக்குப் போய் ஜெயத்தோடு அரை மணி நேரம் உட்காருவாள். அங்கே என்ன பேசுவார்களோ, ஜெயம் மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே வருவாள். அந்த அரை மணி நேரத்தை எந்த ஆஸ்பத்திரியில் போய் வாங்குவது? கெங்கம்மாளுக்கு இதைச் சொன்னால் புரியவா போகிறது.

இளநீர் தொல்லை தாங்காமல் இசைவாணி ஒரு வேலை செய்தாள். ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டினாள். 'இவருக்கு இவற்றைக் கொடுக்காதீர்கள்: தண்ணீர், இளநீர், டீ, காபி, மோர், ரசம், சோடா, ஜூஸ், ஐஸ்.' நல்ல எண்ணத்தில்தான் ஒட்டினாள். ஆனால் ஊர் அதைப் படித்துவிட்டு, பார்த்தாயா, தண்ணி குடுக்காதேன்னு போர்டே போட்டுட்டா என்றது. வாய்ப்பேச்சாக இருந்தது எழுத்தில் வந்தமாதிரி ஆகிவிட்டது. பேஜாரு.

ஆடி மூன்றாம் ஞாயிறு எங்கள் ஊர் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். செஞ்சிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்த குமரேசனின் அக்கா வெள்ளையம்மாள் அன்றைக்குக் காலையிலேயே வந்துவிட்டாள். வருஷம் தவறாமல் பிறந்த வீட்டுக் கூழுக்கு வருகிறவள். தம்பி மேல் உயிர். அப்பா அம்மா இல்லாத வீட்டில் இடுப்பில் தூக்கி வளர்த்தவள், அதைக் குறை சொல்ல முடியாது. வீட்டுக்கு ஒரு பானை கேப்பைக் கூழ் காய்ச்சிக் கோயிலுக்கு எடுத்துப்போய் அண்டாவில் கொட்ட வேண்டும். படையல் முடிந்து எல்லோருக்கும் ஊற்றுவார்கள். ஜெயம் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு நாத்தனாரோடு போனாள். நான் குமரேசனுக்குத் துணையாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளையம்மாள் மட்டும் முன்னாலேயே திரும்பிவிட்டாள். ஒரு கையில் பெரிய தூக்கு நிறையக் கூழ். இன்னொரு கையில் வாழையிலையில் முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் சின்ன வெங்காயமும். மோர் விட்டுக் கரைத்த கூழ். வாசனை வாசற்படி தாண்டுவதற்கு முன்னாலேயே வந்தது.

"அம்மன் கூழுடா தம்பி. உனக்குன்னு மொதல் அண்டாவுலயே மொண்டுக்கினு வந்தேன். ஒரு வாய் குடி."

குமரேசன் தூக்கைப் பார்த்தான். பிறகு கதவைப் பார்த்தான். "அவ வந்தா கத்துவாக்கா."

"கத்துனா கத்தட்டும். நீ குடிக்காம நான் எப்படிடா குடிப்பேன்? வருஷத்துக்கு ஒரு நாளு. அம்மன் குடுக்கறத வேணான்னு சொல்லலாமா?"

"தண்ணிதான்க்கா கூடாது. கூழு... பெரியசாமி அண்ணே, அந்த அட்டையில கூழு கீதா பாருங்க."

பாருங்கள், நான் செய்த காரியத்தை. எழுந்து போய், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ரேஷன் கார்டு பார்க்கிற மாதிரி மேலிருந்து கீழே படித்தேன். தண்ணீர், இளநீர், டீ, காபி, மோர், ரசம், சோடா, ஜூஸ், ஐஸ்.

"கூழு இல்ல" என்றேன்.

"அப்பறம் இன்னா?" என்றாள் வெள்ளையம்மாள். "கூழு சாப்பாடுடா. கூழக் குடிச்சிட்டு ஏர் ஓட்டுனவன் நீ. அது எப்படித் தண்ணில சேரும்?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் கூழ் சாப்பாடுதான். கூழ் குடித்தேன் என்றால் சாப்பிட்டுவிட்டேன் என்று அர்த்தம். மோர் என்று அட்டையில் எழுதியிருந்ததே, அந்தக் கூழில் மோர்தானே என்றுகூட என் புத்திக்கு எட்டவில்லை.

அவள் ஊற்றிக் கொடுத்த சொம்பை அவன் ரெண்டு கையாலும் வாங்கினான். முதல் முழுங்குக்குக் கண்ணை மூடினான். அதற்கப்புறம் நிறுத்தவேயில்லை. தொண்டை ஏறி ஏறி இறங்கியது. மீசையில் கூழ் ஒட்டியது. வெங்காயத்தைக் கடித்தான், கருவாட்டை நக்கினான், "இன்னும் கொஞ்சம் ஊத்துக்கா" என்றான். வெள்ளையம்மாள் ஊற்றிக்கொண்டே அழுதாள். ரெண்டு வருஷத்தில் அவன் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சியை நான் பார்த்ததில்லை. எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தாள். நானும் குடித்தேன். கருவாட்டில் உப்பு தூக்கலாக இருந்ததால் கொஞ்ச நேரத்திலேயே அவனுக்கு மறுபடி தாகம் எடுத்தது, மிச்சத்தையும் குடித்தான். தூக்கு காலி.

ஜெயம் கோயிலிலிருந்து திரும்பியபோது தூக்கைக் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. மூன்று பேருமே வாயைத் திறக்கவில்லை. தப்பில்லை என்றால் ஏன் மறைத்தோம்?

திங்கட்கிழமை விடிந்ததும் ஜெயம் வழக்கம்போல அவனை எடை மிஷினில் நிறுத்தினாள். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது ஐம்பத்து மூன்று கிலோ. இப்போது ஐம்பத்தேழரை. மிஷின் கெட்டுவிட்டது என்று அவள் இறங்கச் சொல்லி மறுபடி ஏறச் சொன்னாள். மறுபடி ஏற அவனால் முடியவில்லை. முகம் உப்பி, கண் சுருங்கி, படுக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்தான். நெஞ்சுக்குள் தண்ணீர் களக் களக் என்று கேட்டது. ஜெயம்தான் நூற்றெட்டுக்கு ஃபோன் போட்டாள், இசைவாணிக்கும் போட்டாள். ஆம்புலன்ஸில் அவன் முதுகைத் தாங்கிக்கொண்டு, "இன்னா குடிச்ச சொல்லு, இன்னா குடிச்ச சொல்லு" என்று அவள் கேட்டுக்கொண்டே போனாள். அவனால் பதில் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான்தான் சொன்னேன், கூழ் என்று. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன்.

பிழைத்துக்கொண்டான். அவசரத்துக்கு மிஷினில் போட்டு நாலு கிலோ தண்ணீரை இழுத்தார்கள். புதன்கிழமை வீட்டுக்கு வந்தான். ஆனால் ஊரில் கதை வேறு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் கொடுக்காமல் போட்டு உடம்பு காய்ந்துபோய்த்தான் அவனுக்கு மூச்சு முட்டியதாம். அம்மன் கூழ் உள்ளே போனதால்தான் உயிர் தங்கியதாம். த்தூ.

வியாழக்கிழமை இசைவாணி வந்தாள். எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் எடுக்கக்கூட இல்லை, நேராகக் கதவிடம் போய் அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தப்பு என்னுதுதான். எல்லாத்தயும் எழுதனேன், கூழ எழுதல. எங்க தெருவுலயும் ஆடி பொறந்தா கூழுதான் ஊத்தறாங்க. எனக்கே தோணல பாருங்க."

"நீ ஏம்மா எழுதற?" என்று வெள்ளையம்மாள் எழுந்தாள். அவள் இன்னும் ஊருக்குப் போகவில்லை. "ஊசி போடத் தெரியல, எழுதி ஒட்டறதுக்கு ஒரு ஆளா? என் தம்பிய இவ தண்ணியில்லாம வறுத்தெடுக்கறா. நான் ஒரு வாய் கூழு ஊத்தனது குத்தமாப் போச்சா? பெத்த தாயா இருந்தா இப்பிடி அளந்து ஊத்துவாளா?"

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்த ஜெயம் அடுப்படியிலிருந்து வந்தாள். கையில் கரண்டி அப்படியே இருந்தது.

"ஆமாம் அண்ணி, அளக்கறேன். அளந்துதான் ரெண்டு வருஷமா இவர உக்கார வச்சிக்கீறேன். நீ ஒரு நாள் பாசம் காட்டிட்டு பஸ் ஏறிப் போயிருவ. அப்பறம் யாரு ஆம்புலன்ஸ்ல கெடந்து அழறது? நீயா? இவராச்சும் ஒரு வார்த்த சொல்லிக்கீறாரா? வர்றவங்க போறவங்க கிட்டல்லாம் 'எங்க ஊத்தறா'ன்னு பல்ல இளிக்கிறாரே, 'எனக்காவத்தான் அளக்கறா'ன்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள் சொல்லிக்கீறாரா?"

குமரேசன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் தண்ணி குடிக்கிறத நீங்க யாராச்சும் பாத்துக்கீறீங்களா?" கரண்டியை எங்கள் பக்கம் நீட்டினாள். "இவரு எதிர்ல ஒரு முழுங்கு குடிச்சிருப்பனா? நெனப்பு வந்துருமேன்னு மாட்டுக் கொட்டாயில போயி குடிச்சிட்டு வாயத் தொடச்சிக்கினு வர்றேன். சொம்ப வெக்கற சத்தம் கேக்கக்கூடாதுன்னு வைக்கோல் மேல வெக்கறேன். திருட்டுப் பூன மாதிரி. என் வூட்ல, நான் எறைக்கிற தண்ணிய, நான் திருடிக் குடிக்கிறேன். போதுமா?"

வெள்ளையம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவள் ஒத்துக்கொண்டாளா என்றால் இல்லை. அன்றைக்கே சொல்லாமல் கொள்ளாமல் மத்தியான பஸ்ஸுக்குப் போய்விட்டாள். இன்றைக்கு வரைக்கும் ஜெயத்தோடு பேச்சு இல்லை.

இசைவாணிதான் மெதுவாகச் சொன்னாள். "அக்கா, அளக்கற வேலய இனிமே அண்ணன் கிட்டயே குடுத்துருங்க."

"ஒரே மூச்சுல குடிச்சிட்டு மறுபடி கேப்பாரு. இல்லன்னா யாரு கிட்டயாச்சும் வாங்கிக் குடிப்பாரு. செத்துருவாரும்மா."

"குடிக்கலாம். குடிக்க மாட்டாருன்னு நான் சொல்லல. ஆனா அவரு உடம்புக்கா. நீங்க காவல் காத்துக்கினே இருந்தா அவரு தாண்டிக்கினேதான் இருப்பாரு."

ஜெயம் கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு அரை லிட்டர் பாட்டில் ஒன்றை நிரப்பிக்கொண்டு வந்து அவன் தலைமாட்டில் ணங்கென்று வைத்தாள்.

"இந்தாங்க. நாள் முழுக்க இதான். டீ வேணும்னா இதுலேர்ந்து ஊத்திக் குடுங்க, போட்டுத் தர்றேன். இனிமே நான் எண்ண மாட்டேன்."

முதல் நாள் பன்னிரண்டு மணிக்கே பாட்டில் காலி. சாயங்காலம் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, காலி பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளை ரெண்டு தரம் கூப்பிட்டான். அவள் வந்து நின்றாள், கேட்க வாய் வரவில்லை, போகச் சொல்லிவிட்டான். அவள் அடுப்படியில் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை விழுப்புரம் போய் வந்தார்கள்.

சனிக்கிழமை ஜெயம் மல்லாட்டைக்குக் களை வெட்டக் கொல்லிக்குப் போனாள். சொந்தக் கொல்லிதான், ஒன்றரை ஏக்கர் கடலை நிலம். ரெண்டு வருஷமாக ஆளை விட்டுத்தான் பார்த்தாள், அவனை விட்டு அரை நாள்கூட நகர்ந்ததில்லை. என்னிடம் வந்து, "பாத்துக்குங்கண்ணே. பாட்டிலப் பாக்காதீங்க, ஆளப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். கூழுக்கு அப்புறம் அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு அது.

வெயில் சொல்ல முடியாத வெயில். ஆடிக் காற்று மண்ணை வாரி இறைத்தது. குமரேசன் பாட்டில் மூடியில் ஊற்றி ஊற்றிக் குடித்தான். ஒரு மூடி, வாயிலேயே வைத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடுவான். மத்தியானம் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. நான் அதைப் பார்க்காத மாதிரி பேப்பர் படித்தேன்.

"அண்ணே, அவ கொட்டாயில போய்த் தண்ணி குடிக்கிறது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ கேட்டியா? உனக்குத் தெரிஞ்சதெல்லாம் 'எங்க ஊத்தறா'தான்."

அவன் ஒரு மூடி ஊற்றினான். குடிக்காமல் திரும்பப் பாட்டிலுக்குள்ளேயே விட்டு மூடினான்.

அஞ்சு மணிக்கு ஜெயம் திரும்பினாள். முகமெல்லாம் செம்மண், உதடு வெளுத்து, களைக்கொட்டைச் சுவரில் சாத்திவிட்டு நேராகப் பாட்டிலைப் பார்த்தாள். எண்ண மாட்டேன் என்றாளே தவிர கண் அங்கேதான் போயிற்று. அடியில் ரெண்டு விரல் அளவு மிச்சம் இருந்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கொல்லைப்புறம் கிளம்பினாள்.

"ஜெயம்" என்றான் குமரேசன். "எங்க போற?"

"மாட்டுக்குத் தண்ணி காட்டணும்."

"மாட்டுக்கு அப்பால காட்டலாம். சொம்ப எடுத்துக்கினு வா. இங்க நின்னு குடி."

"எனக்குத் தாகமில்ல."

"பொய் சொல்லாத. கொண்டாந்து என் எதிர்ல குடி."

அவள் என்னைப் பார்த்தாள். நான் பேப்பரை மடித்தேன். குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டுகொண்டு வந்து கட்டில் பக்கத்தில் நின்றாள். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே தயங்கித் தயங்கி ஒரு வாய். அப்புறம் தாங்கவில்லை, அண்ணாந்து கடகடவென்று ஊற்றிக்கொண்டாள். தண்ணீர் தாடையில் வழிந்து கழுத்தில் ஓடி ரவிக்கையை நனைத்தது. அவன் கண்ணை எடுக்கவே இல்லை. அவன் தொண்டையும் கூடவே ஒரு தரம் ஏறி இறங்கியது.

கதவு திறந்துதான் கிடந்தது. தெருவோடு போன கெங்கம்மாள் நின்றுவிட்டாள். நிற்காமல் இருப்பாளா?

"அட அநியாயமே! புருஷன் வாய் வறண்டு கெடக்கறான், அவன் எதிர்லயே சொம்பு சொம்பாக் குடிக்கிறாளே! இவள்ளாம் பொம்பளையா?"

ஜெயத்தின் கை பாதியில் நின்றது. குமரேசன் கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தான். அவனிடம் அவ்வளவு சத்தம் மிச்சமிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"ஏ கெங்கம்மா! நான்தான் குடிக்கச் சொன்னேன். எனக்கு அரை லிட்டருதான். அதுக்கு மேல போனா நான் காலி. ரெண்டு வருஷமா எனக்காவ அளந்தா. இப்ப நானே அளந்துக்கறேன். குழாயடியில போயி இதச் சொல்லு, போ!"

கெங்கம்மாள் முணுமுணுத்துக்கொண்டே போனாள். அங்கே போய் அவள் எதைச் சொல்வாள் என்பது எனக்குத் தெரியும், இதை மட்டும் சொல்ல மாட்டாள். நாளைக்கே யாராவது இளநீரோடு வரத்தான் போகிறார்கள்.

"எதுக்குக் கத்தறீங்க, நாக்கு வறண்டுறப் போவுது" என்றாள் ஜெயம். சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே போய் இன்னொரு சொம்பு மொண்டுவந்து, அதே இடத்தில் நின்று வாயில் வைத்தாள்.

"மெதுவாக் குடி" என்றான் குமரேசன். "பொறையேறிக்கும்."